ஒர்க்‌ஷாப்பைப் பூட்டப் போகிறார்கள், மாப்ளே

அன்பு மாப்ளே,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, தப்புதான். தங்கச்சி, பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி, மற்றபடி சரி.

நம் ஒர்க்‌ஷாப்பை மூடப் போகிறார்கள். போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நாம் பழுது பார்த்துவந்த எல்லாத் துறைக் கருவிகளுக்கும் சேர்த்து வெளிக் கம்பெனி ஒன்றுக்கு ஏ.எம்.சி., அதாவது வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம், கொடுத்தாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆள் வரும், நடுவில் கெட்டால் புகார் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கண்ணாடி ஊதும் அண்ணன் ரிட்டயரானபோதே அந்த இடத்தை நிரப்பவில்லை, அப்போதே நீ சொன்னாய், நான்தான் நம்பவில்லை.

வெளியாளே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூலக்கூறு அமைப்பைக் கண்டுபிடிக்கிற என்.எம்.ஆர். கருவியின் காந்தத்தை நாமா பிரிக்க முடியும்? 4.2 கெல்வின் கடுங்குளிரில் திரவ ஹீலியத்துக்குள் கிடக்கிற சமாச்சாரம், குவென்ச் ஆனால், அதாவது காந்தம் திடீரென்று மீகடத்தும் தன்மையை இழந்து சூடேறினால், ஹீலியம் மொத்தமும் ஆவியாகிப் போய்விடும், அதற்குக் கம்பெனி இன்ஜினியர்தான் வர வேண்டும். ஆனால் வாராவாரம் நைட்ரஜன் ஊற்றி, ஹீலியம் மட்டம் இறங்குகிறதா என்று பார்த்து எழுதி வைப்பது யார்? எழுபதுகளில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) பணம் கொடுத்து யூசிக் என்ற பல்கலைக்கழகக் கருவி மையங்களை ஆரம்பித்ததே, பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும் என்றுதானே.

போன மழைக்காலத்தில் நடந்ததைக் கேள். அகச்சிவப்பு ஒளியால் சாம்பிளைச் சோதிக்கிற எஃப்.டி.ஐ.ஆர். கருவியை முன்னோட்டமாக முதலில் அந்தக் கம்பெனியிடம் விட்டிருந்தார்கள், நாம் தொடக்கூடாது. எட்டிப் பார்த்தால் உள்ளே ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் நீலம் போய் வெளிறிய ரோஸ் கலரில் கிடக்கிறது. அதை எடுத்து ஓவனில் 120 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்தால் மறுபடி நீலமாகிவிடும், நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய், காசே செலவில்லை. புகார் கொடுத்தேன், ‘அடுத்த விசிட்டில் பார்க்கிறோம்’ என்றார்கள். அவர்கள் வருவதற்குள் ஒளியை இரண்டாகப் பிரிக்கிற பீம் ஸ்ப்ளிட்டர் ஈரம் குடித்துப் பால் பூத்த மாதிரி மங்கிவிட்டது. பொட்டாசியம் புரோமைடுதானே, எத்தனை நாள் தாங்கும்? வந்த பையன் நல்ல பையன், திறமைசாலியும்கூட, அவனுக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் ஏ.எம்.சி.யில் உதிரிபாகம் சேராது, சி.எம்.சி. என்ற முழுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால்தான் சேரும். புதுசு வாங்க டெண்டர், கோப்பு, கையெழுத்து. ஒரு பிஎச்.டி. பெண் கல்யாணத் தேதியைத் தள்ளிப்போட்டு சாம்பிளை வைத்துக்கொண்டு நின்றாள், மாப்ளே. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒப்பந்தத்தில் வருகையைத்தான் எண்ணுகிறார்கள். தினமும் மூடியைத் திறந்து பார்க்கிற கண்ணுக்கு அதில் வரி கிடையாது.

செவ்வாய்க்கிழமை பதிவாளரைப் பார்க்கப் போகிறேன். பெரிய பழுது கம்பெனிக்கு, அன்றாடப் பராமரிப்பு நமக்கு, இரண்டு டெக்னீஷியன் போதும், இதுதான் கேட்கப் போவது. நீ எழுதிய பச்சை அட்டை லாக் புக் உன்னிடம்தானே இருக்கிறது? என்றைக்கு எது கெட்டது, எத்தனை மணி நேரத்தில் சரி செய்தோம், எல்லாம் அதில் உன் கையெழுத்திலேயே இருக்கும். திங்கட்கிழமைக்குள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பு. முடிந்தால் நீயே கிளம்பி வந்துவிடு, அம்மாவும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன்
மச்சான்