பியானோ வாசித்தவர் பெயரைப் போடுங்கள்

பாட்டுச் செயலி நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பழைய பாட்டுகளுக்கு வாசித்தவர் பெயரையும் காட்டுங்கள் என்று உங்களுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்தான்: "பதிவு நிறுவனம் தரும் விவரங்களையே நாங்கள் காட்டுகிறோம்." கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. அதனால் நாலாவது மடலை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கீபோர்டு வாசிப்பவன். கல்யாணக் கச்சேரி, கோயில் கொடை, எப்போதாவது ஒரு ரெக்கார்டிங். சாயங்காலம் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒரு பையனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பதினாறு வயது. எதையும் ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த தடவை அவன் கையில் இருக்கும். போன மாதம் அவனுக்கு அமெரிக்க கன்ட்ரி இசையைப் பழக்கலாம் என்று, கிரிஸ்டல் கேல் 1977இல் பாடிய 'டோன்ட் இட் மேக் மை பிரவுன் ஐஸ் ப்ளூ' பாட்டை உங்கள் செயலியில் போட்டேன். அந்தப் பாட்டுக்கு முகமே தொடக்கத்தில் வரும் பியானோதான். பாடகி வாயைத் திறப்பதற்குள் பாட்டு நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

முடிந்ததும் பையன் போனை வாங்கி விரலால் தடவினான். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக் வரிவரியாகப் படித்தது. பாடியவர் இன்னார், எழுதியவர் இன்னார், தயாரித்தவர் இன்னார். அவ்வளவுதான், அடுத்தது மூடும் பட்டன்.

"வாசிச்சது யாரு சார்?"

எனக்குத் தெரிந்திருந்ததால் சொன்னேன். ஹார்கஸ் ராபின்ஸ். 1938இல் டென்னசி மாநிலம் ஸ்பிரிங் சிட்டியில் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருந்தபோதே ஒரு விபத்தில் பார்வை போனது. நாஷ்வில்லில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் ஏழு வயதில் பியானோ தொட்டார். அங்கே கற்றுக்கொடுத்தது செவ்வியல் இசை. அவர் கை போனது வேறு பக்கம்.

பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவருக்கும் பார்வை இல்லையா சார்?" என்றான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன்னால் இந்தப் பையனை ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். அவன் வாசிப்பதைக் கேட்கவே இல்லை. "நோட்ஸ் பார்க்க முடியாதே, செஷனுக்குச் சரிப்படாது தம்பி" என்று அன்பாகச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கன்ட்ரி பாட்டுகள் பதிவாகும் ஊரான நாஷ்வில்லிலும் செஷனுக்கு, அதாவது பதிவு அமர்வுக்கு, தாள் உண்டு. கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கட்டுகளை, 1, 4, 5 என்று எண்களாக எழுதிவைத்துக்கொண்டு வாசிப்பார்கள். பாடகர் சுருதியை மாற்றினாலும் எண் மாறாது என்பது அதில் ஒரு வசதி. ஒரு செஷன் மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று நாலு பாட்டு முடிந்தாக வேண்டும். அந்தத் தாளைப் பார்க்கவே முடியாத ஒருவரைத்தான் அந்த ஊர்த் தயாரிப்பாளர்கள் ஐம்பது வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். என் பையனுக்கு இது தெரிய வேண்டாமா? நான் சொன்னதால் தெரிந்தது. வாத்தியார் இல்லாத வீட்டில் இதே பாட்டைக் கேட்கும் இன்னொரு பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?

ஆகவே ஐயா, பியானோ வாசித்தவர் பெயரைப் போடுங்கள்.

ஒரே ஒரு பாட்டில் பெயர் விட்டுப்போனால் நானும் விட்டுவிடுவேன். 1959இல் ஜார்ஜ் ஜோன்ஸின் 'ஒயிட் லைட்னிங்' பாட்டில் துள்ளும் பியானோ ராபின்ஸுடையது. 1966இல் பாப் டிலன் நாஷ்வில்லுக்கு வந்து பதிவு செய்த ஆல்பத்தில் இருக்கிறார். 1973இல் சார்லி ரிச்சின் 'பிஹைண்ட் க்ளோஸ்ட் டோர்ஸ்' பாட்டைத் திறந்துவிடுவதும் இவர் கைதான். சார்லி ரிச்சே தேர்ந்த பியானோக்காரர். அதனால் கேட்கிறவர்கள் அவரே வாசித்தார் என்று நினைத்துக்கொள்வார்கள். பெயர் இல்லாத இடத்தில் புகழ் பக்கத்து இலைக்குப் போய்விடுகிறது. பாட்ஸி க்ளைன் பாட்டுகளிலும் அப்படித்தான்: 'ஐ ஃபால் டு பீசஸ்' பாட்டில் ராபின்ஸ், 'க்ரேஸி' பாட்டில் ஃபிளாய்ட் கிரேமர். இரண்டுக்கும் பாடகி ஒரே ஆள், தயாரிப்பாளரும் ஒரே ஆள், ஓவன் பிராட்லி. இரண்டையும் கேட்டுவிட்டு என் பையன் "இது வேற ஆளு சார்" என்றான். பார்வையில்லாத பதினாறு வயதுப் பையனுக்குப் பிடிபட்ட விஷயம் உங்கள் சர்வரில் இல்லை.

ஆனால் வேறு எல்லாம் உங்களிடம் இருக்கிறது. ராத்திரி ஒன்றரை மணிக்கு நான் எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியும். வருடக் கடைசியில் அதை வண்ணப்படமாக்கி ஊருக்குக் காட்டச் சொல்கிறீர்கள். பாடல் வரிகள் கூடவே ஓடுகின்றன, அட்டைப்படம் அசைகிறது. ஒரு மனிதன் பெயர் எழுத மட்டும் இடம் பற்றவில்லை. முழுப்பெயர் நீளம் என்றால் 'பிக்' என்றாவது போடுங்கள். பள்ளியில் அழுக்காக விளையாடிவிட்டு வந்ததால் ராபின்ஸுக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். பன்றி என்று அர்த்தம், இரண்டே எழுத்து.

சரி, கோபத்தை விடுகிறேன். விவரம் கிடைக்காது என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். நாஷ்வில் செஷன்களுக்கு இசைக்கலைஞர் சங்கப் படிவம் உண்டு. யார் வாசித்தது, எத்தனை மணி நேரம், என்ன கூலி என்று அதில் இருக்கும். அன்று பணம் கொடுத்ததே அதை வைத்துத்தான். பெயர் தொலையவில்லை, யாரும் எடுத்து எழுதவில்லை.

பெயரோடு காசும் போகிறது. அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால் அதை எழுதியவருக்குப் பணம் உண்டு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஒரு காசு கிடையாது. இணைய ரேடியோ, சாட்டிலைட் ரேடியோவுக்கு மட்டும் சட்டம் பங்கு வைத்திருக்கிறது: 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, மிச்சம் 5 சதவீதம் செஷன் வாசிப்பாளர்களுக்கும் பின்பாட்டுக்காரர்களுக்கும். அந்தச் சின்னப் பங்கைப் பிரித்துக் கொடுக்கும் நிதியம், வாசித்தவர் யார் என்று ஒவ்வொரு பாட்டாகத் தேட வேண்டியிருக்கிறது. விரும்பிய பாட்டைக் கேட்கும் உங்கள் செயலி அந்தச் சட்டப் பிரிவில் வராது, தெரியும். கொடுக்கக் கடமையில்லாத உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. பெயரைத்தான் கேட்கிறேன்.

நானும் ஒரு பக்திப் பாட்டுக்கு வாசித்திருக்கிறேன். எங்கள் தெருக் கோயிலில் மார்கழி முழுக்க அதுதான் ஓடும். என் அம்மா கோயில் வாசலில் நின்று "இது என் மகன் வாசிச்சது" என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. போகட்டும், இந்த மடல் என்னைப் பற்றியது இல்லை.

ராபின்ஸை 2012இல் கன்ட்ரி இசையின் புகழ்மிக்கவர்களுக்கான கௌரவப் பட்டியலான கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2022 ஜனவரியில், 84 வயதில் காலமானார். அவரைத் தேடிப் போகிறவர்களுக்கு எல்லாம் கிடைக்கும். என் பையன் தேடிப் போகவில்லை, பாட்டுக் கேட்டான். பாட்டு இருக்கும் இடத்திலேயே பெயரும் இருக்க வேண்டும்.

புதுப் பாட்டுகள் சிலவற்றில் டிரம்ஸ் வாசித்தவர் வரை காட்டுகிறீர்கள். அப்படியானால் கட்டம் தயாராகத்தான் இருக்கிறது. தயவுசெய்து பழைய பாட்டுகளுக்கும் அதை நிரப்புங்கள். கிரிஸ்டல் கேல் பாட்டிலிருந்து தொடங்கினால் நன்றி. 'பியானோ' என்ற வரியை டாக்பேக் படிக்கும்படி எழுத்தாகப் போடுங்கள், படமாகப் போட்டுவிடாதீர்கள். பையன் வாரத்துக்கு ஒரு முறை போனைத் தடவிப் பார்க்கிறான்.

இப்படிக்கு,
சந்தா தவறாமல் கட்டும் ஒரு கீபோர்டுக்காரன்