கோல்டன் ரெட்ரீவர் குட்டி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கோல்டன் ரெட்ரீவர் இன நாய் வளர்த்துக் குட்டி விற்கும் எல்லாப் பிரீடர்களுக்கும் வணக்கம்.

குட்டி கேட்டு வருபவரிடம் நீங்கள் முதலில் எடுத்துக் காட்டுவது கேசிஐ பேப்பர், அதாவது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் பதிவுச் சான்று. அப்புறம், தகப்பன் நாய் ஷோவில் ஜெயித்த படங்கள். நான் கேட்பது இன்னொரு காகிதம்: தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரே. கேசிஐ பேப்பர் வம்சத்தைச் சொல்லும். அந்த வம்சத்தின் இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லாது.

ஹிப் டிஸ்ப்ளேசியா உங்களுக்குப் புதிதல்ல. தொடை எலும்பின் தலை, இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல் ஆடும். நாற்பது நாள் குட்டியைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வளர வளர, ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் தாவும், படியேறத் தயங்கும், படுத்தால் எழுந்திருக்கச் சிரமப்படும். கடைசியில் மூட்டுவாதம், ஆயுள் முழுக்க வலி மாத்திரை. எங்கள் வீட்டு நாய் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. வாலாட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. இந்த இனம் வலியை அவ்வளவு மறைக்கும்.

அமெரிக்காவில் ஓஎஃப்ஏ என்ற அமைப்பு நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேக்களைப் பதிவு செய்கிறது. அங்கே பதிவான கோல்டன்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு. பார்த்தாலே மோசம் என்று தெரியும் படங்களைப் பலரும் அனுப்புவதே இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

“தீனியைக் கொட்டினீர்கள், டைல்ஸ் தரையில் ஓடவிட்டீர்கள்” என்று எங்களிடம் சொல்கிறீர்கள். அதிலும் உண்மை உண்டு. குட்டி வயதில் எடை ஏறினால் மூட்டு கெடும், அந்தப் பொறுப்பு எங்களுடையதுதான். ஆனால் பிறக்கும்போதே கொண்டுவருகிற பங்கை மேட்டிங்குக்கு முன்னால் நீங்கள்தான் தடுக்க முடியும். ஓஎஃப்ஏ இறுதிச் சான்று தருவது 24 மாதம் ஆன நாய்க்குத்தான். நம் நாட்டு 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகளும் இணை சேர்க்கும் முன் பெண் நாய்க்கு 18 மாதமாவது ஆகட்டும் என்கின்றன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. முதல் ஹீட்டிலேயே, அதாவது பெண் நாய் முதல்முறை பருவத்துக்கு வந்ததுமே, இணை சேர்ப்பவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு குட்டி விற்ற பணத்தில் இரண்டு நாய்க்கும் எக்ஸ்ரே எடுத்துவிடலாம்.

கண்ணுக்கு வருடா வருடம் பரிசோதனை, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் இருக்கிறதா என்று டாக்டரிடம் ஒரு முறை காட்டுவது, இவையும் வேண்டும். காது சீழ், மழைக்காலத்துத் தோல் புண், உண்ணி எல்லாம் எங்கள் பாடு, உங்களைக் குறை சொல்ல மாட்டோம்.

புற்றுநோய்தான் இந்த இனத்தின் பெரும் துயரம். மண்ணீரலில் கட்டி உடைந்து, நேற்று வரை ஓடிய நாய் ஒரே நாளில் போய்விடுகிறது. மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் 2012 முதல் 3,044 கோல்டன்களைச் சேர்த்து, ஆயுள் முழுக்கக் கவனித்து ஆராய்கிறது. இணை சேர்க்கும் முன் இதையும் எக்ஸ்ரே மாதிரி பார்த்து ஒதுக்க இன்னும் வழியில்லை. அதற்கு உங்களைக் கேட்பது நியாயமில்லை. ஆனால் ஒன்று செய்யலாம். நீங்கள் விற்ற குட்டிகளின் வீடுகளுக்கு வருடம் ஒரு போன் போடுங்கள். எந்த நாய், எத்தனை வயதில், எதனால் இறந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஈத்துக்குக் குட்டி கேட்டு வருபவரிடம் எக்ஸ்ரேயோடு அந்த நோட்டையும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கோல்டன் வளர்க்கும் ஒருவர், சென்னை