1793 பிலடெல்பியா: கொள்ளைநோய் வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

1793இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைத் தாக்கிய மஞ்சள் காய்ச்சலைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவ்வூர் மருத்துவர் டாக்டர் பெஞ்சமின் ரஷ்ஷில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறீர்கள். ஆயிரக்கணக்கானோர் ஓடிப்போன ஊரில் அவர் நின்றார் என்பது உண்மை. அவர் கொடுத்த மருந்தையும் சேர்த்து எழுதுங்கள். 10 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்) காலோமெல் என்ற பாதரச உப்பு, 15 கிரெயின் ஜாலப் என்ற பேதி வேர்ப்பொடி: நன்றாகப் பேதியாகும்வரை திரும்பத் திரும்ப. கூடவே ரத்தக்குழாயைக் கீறி ரத்தம் எடுப்பது. ஐந்து நாளில் 70, 80 அவுன்ஸ் வரை, அதாவது 2 லிட்டருக்கும் மேல். மனித உடலில் 25 பவுண்டு (சுமார் 11 கிலோ) ரத்தம் இருப்பதாக அவர் நம்பினார். இருப்பதோ அதில் பாதிதான். இந்தக் காய்ச்சல் முற்றினால் கல்லீரல் கெட்டு ரத்தம் உறையாமல் போகும், வாந்தி கறுப்பாக வரும். அந்த உடம்பிலிருந்துதான் மேலும் ரத்தம் எடுத்தார்கள்.

நோய்க்குக் காரணம் துறையில் அழுகிக் கிடந்த காப்பிக்கொட்டையின் நாற்றம் என்றார் ரஷ். கொசுதான் பரப்புகிறது என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே சொன்னது 1881இல். அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட்டின் குழு சோதித்து உறுதிசெய்தது 1900இல். ஆனால் 1793 ஆகஸ்டிலேயே, கொசுவை ஒழிக்க மழைநீர்த் தொட்டிகளில் எண்ணெய் ஊற்றச் சொல்லி நாளிதழில் ஒருவர் எழுதியிருந்தார். தொல்லை நீங்கச் சொன்ன யோசனைதான் அது. ஊரார் கேட்டிருந்தால்!

நீங்கள் விட்டுவிடும் பெரிய பகுதி அவ்வூர்க் கறுப்பினத் தலைவர்களான அப்சலாம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும். கறுப்பினத்தவருக்கு இந்த நோய் தொற்றாது என்று ரஷ் நம்பி அவர்களிடம் உதவி கேட்டார். அவர்கள் வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களை அடக்கம் செய்தார்கள். ரஷ் சொல்லிக்கொடுத்தபடி 800 பேருக்கு மேல் ரத்தமும் எடுத்தார்கள்; அதையும் மறைக்க வேண்டாம். தொற்றாது என்பது பொய்யாகிப்போனது: அவர்கள் கணக்கில், 1792இல் கறுப்பினத்தவர் அடக்கம் 67, 1793இல் 305.

பிறகு, கறுப்பினத்தவரில் மிக இழிந்த சிலர் ஆபத்தைப் பயன்படுத்திக் காசு பறித்தார்கள் என்று பதிப்பாளர் மேத்யூ கேரி அச்சிட்டார். பழி எல்லோர் மேலும் விழுந்தது. ஜோன்ஸும் ஆலனும் 1794இல் கணக்கையே அச்சிட்டுப் பதில் சொன்னார்கள். அடக்கத்துக்குக் கிடைத்தது 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ் (அன்றைய பணத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). ஐந்து ஆட்களின் கூலி, மூவருக்கு 70 நாள், இருவருக்கு 63 நாள், தினம் 22 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் 378 பவுண்டு. காசு வராத சவப்பெட்டிகளுக்கு 33 பவுண்டு. கைநட்டம் 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். நாட்களைப் பெருக்கிப் பாருங்கள், ஒரு பென்ஸ் பிசகாது.

உங்கள் அடுத்த கட்டுரையிலோ நூலின் மறுபதிப்பிலோ கேரியின் குற்றச்சாட்டு எங்கே வருகிறதோ, அதே பக்கத்தில் இந்தக் கணக்கையும் முழுதாக அச்சிடுங்கள். அடிக்குறிப்பில் தள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
மருத்துவ வரலாறு படிப்போர் சிலர்