உள்ளாட்சித் தேர்தலில் அடையாள ஆவணமும் குடியுரிமைச் சான்றும்: தாயகம் திரும்பியோர் குடும்பத்திலிருந்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
தாயகம் திரும்பியோர் குடும்பத்து வாக்காளர்,
கோத்தகிரி வட்டம்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம்,
சென்னை.

பொருள்: ஊரக உள்ளாட்சித் தேர்தல் – வாக்குச்சாவடியில் ஏற்கப்படும் அடையாள ஆவணங்களை விரிவுபடுத்தவும், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரிடம் குடியுரிமைச் சான்று கேட்பதைத் தடுக்கவும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு மண்டபம் முகாமில் வழங்கப்பட்ட குடும்ப அட்டையைச் சான்றாக ஏற்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் என் அம்மா ஓட்டுப் போடாமல் வீடு திரும்பினார். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. கையில் பூத் சிலிப் இருந்தது. ஊரில் அவரைத் தெரியாதவர் யாரும் இல்லை. இருந்தும் போட முடியவில்லை. அது ஏன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு என் கோரிக்கையை வைக்கிறேன்.

அந்த வருட மழையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைனில், எங்கள் வீட்டுக் கூரைத் தகடு காற்றில் பிய்த்துக்கொண்டு போனது. அலமாரியில் இருந்த வாக்காளர் அட்டை நனைந்து, படம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. அதனால் ஸ்மார்ட் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போனார். அப்பா இறந்த பிறகு அம்மாதான் குடும்பத் தலைவி, கார்டில் அவர் படம்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவர் சீட்டுகளின் நிறத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நான்கு ஓட்டில் ஒன்றுகூடச் செல்லாத ஓட்டாகிவிடக் கூடாது என்பது அவர் கவலை.

வாக்குச்சாவடி அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். "படம் இருக்கும்மா, ஆனா இந்தக் கார்டு லிஸ்டுல இல்ல. ஆதார் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. அத்தோடு விட்டிருந்தால் அம்மா ஏறி இறங்கி வந்து ஓட்டுப் போட்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகவர் ஒருவர், "சிலோன்லேர்ந்து வந்தவங்கதானே சார், குடியுரிமைப் பேப்பர் இருக்கான்னு கேளுங்க" என்றார். அலுவலர் அதைத் தடுக்கவில்லை. "இருந்தா அதையும் கொண்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

மூன்று கிலோமீட்டர் மேடேறி வீட்டுக்கு வந்த அம்மா ஆதாரைத் தேடவில்லை. அது சாமி படத்துக்குப் பின்னால்தான் இருந்தது. அவர் தேடியது சிலோன் பாஸ்போர்ட்டை. தகரப் பெட்டியைக் கவிழ்த்து, அப்பாவின் பழைய பி.எஃப். தாள்கள், எங்கள் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, மதியம் முழுக்கத் தேடியிருக்கிறார். நான் வேலை முடிந்து வந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. அம்மா தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

ஐயா, இந்த மனுவின் சாரம் அவ்வளவுதான். "நீங்கள் யார்?" என்ற கேள்வி வாக்குச்சாவடிக்கு உரியது. "நீங்கள் இந்நாட்டுக் குடிமகளா?" என்ற கேள்வி வாக்காளர் பட்டியல் தயாரிக்கும்போது, வாக்காளர் பதிவு அலுவலர் முன்பு, நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் கொடுத்து விசாரிக்க வேண்டியது. இரண்டாவது கேள்வி வாக்குச்சாவடிக்குள் நுழைந்தால், முதல் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்கூட ஓட்டுப் போடாமல் திரும்புவார்.

இந்தியக் குடிமக்கள் மட்டுமே ஓட்டுப் போட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 326-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கப் படத்துடன் கூடிய அட்டை கேட்பதையும் நான் எதிர்க்கவில்லை. 1993-ல் வாக்காளர் புகைப்பட அட்டை வந்தபோது எங்கள் தோட்டங்களில் அதைப் பெரிய கௌரவமாகத்தான் நினைத்தார்கள். படமும் பெயரும் போட்டு, அரசாங்கமே கொடுத்த அட்டை. அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கொழுந்து நிறுக்கப் போவார் என்று அம்மா சொல்வார்.

அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. என் தாத்தா 1947-ல் இலங்கையில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர். 1952 தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை. இடையில் 1948-ம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஒருவர் தன் அப்பா அந்த நாட்டில் பிறந்தவர், அல்லது தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும் என்றது அது. தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? காட்டத் தாள் இல்லாததால் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். அதற்கடுத்த வருடமே தேர்தல் சட்டத்தையும் திருத்தி ஓட்டையும் எடுத்துவிட்டார்கள். பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5.25 லட்சம் பேருக்கு இந்தியக் குடியுரிமை, 3 லட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று பிரித்தார்கள். மீதமிருந்த 1.5 லட்சம் பேரை 1974-ல் இரண்டு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டன. அந்த எண்ணிக்கைக்குள் என் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

அவர்கள் திருட்டுத்தனமாக வந்தவர்கள் இல்லை ஐயா. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் விண்ணப்பித்து, இந்தியக் குடிமக்களாகப் பதிவு பெற்று, இந்திய பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஊரில் எல்லோரும் சிலோன் பாஸ்போர்ட் என்று சொல்வது அந்த இந்திய பாஸ்போர்ட்டைத்தான். மண்டபம் முகாமில் அவர்கள் பெயர்களை எழுதிக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். எந்த மாவட்டத்தில், என்ன வேலையில் குடியமர்த்துவது என்பது அந்த அட்டையை வைத்துத்தான் முடிவானது. தாயகம் திரும்பியோருக்காகவே 1968-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் காட்டை வெட்டிச் செடி நட்டார்கள். இன்று டான்டீ என்று சொல்வது அதைத்தான்.

ஐம்பது வருடத்தில் அந்தத் தாள்கள் என்ன ஆகியிருக்கும் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை, கரையான், லைன் மாற்றம், கடனுக்கு அடகு வைத்த பாஸ்போர்ட். இருக்கிற தாள்களிலும் பெயர் ஒத்துப்போவதில்லை. என் அப்பாவின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு விதம், குடும்ப அட்டையில் ஒரு விதம், தோட்டப் பதிவேட்டில் ஒரு விதம். அங்கே சிங்கள எழுத்தர் கேட்டு எழுதினார், இங்கே தமிழ் எழுத்தர் கேட்டு எழுதினார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இனிஷியல் என்பதே இங்கே வந்த பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

வாக்காளர் பட்டியலை இந்தியத் தேர்தல் ஆணையம் முழுக்கச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது இந்தப் பழைய பயம் எங்கள் லைன்களில் திரும்பவும் வந்தது. 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் பெயர் தேடுவதற்காக இரவில் செல்போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த குடும்பங்களை நான் பார்த்தேன். 2025 டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் அதில் உண்டு, அவற்றை நீக்குவது சரியே. ஆனால் இடம் மாறிவிட்டார் என்ற தலைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேயிலைக் கூலி போதாமல் எங்கள் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள். பொங்கலுக்கு வருகிறார்கள், ரேஷன் இங்கேதான், வயதான அப்பா அம்மா இங்கேதான். தற்காலிகமாக வெளியே போனதாலேயே ஒருவர் தன் ஊரில் சாதாரணமாக வசிப்பவர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. வீடு பூட்டியிருந்தது என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது.

"அது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பட்டியல், எங்கள் வேலை அல்ல" என்று பதில் வரக்கூடும். சட்டமன்ற வாக்காளர் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரித்துத்தான் உள்ளாட்சித் தேர்தல் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். அங்கே விழுந்த பெயர் இங்கேயும் விழும் என்பதால்தான் தங்களிடம் வருகிறேன். ஊராட்சித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் தயாரிப்பின் மேற்பார்வையும் நெறிப்படுத்துதலும் கட்டுப்பாடும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு உரியவை என்று அரசமைப்புச் சட்டத்தின் 243கே பிரிவு சொல்கிறது. தெருவிளக்கு, குடிநீர், லைனுக்குப் போகும் பாதை, நூறு நாள் வேலை எல்லாம் ஊராட்சியில்தான். சில நூறு ஓட்டுகள் கொண்ட வார்டில் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் புதிதல்ல. ஒரு லைனில் பத்துப் பேர் விடுபட்டால் அந்த லைனுக்குத் தண்ணீர்க் குழாய் வராது.

ஆகவே தங்களிடம் கேட்பது இவை.

அடுத்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்போடு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்களுக்கும் முகவர்களுக்கும் தமிழில் ஒரு சுற்றறிக்கை தர வேண்டும். பட்டியலில் பெயர் உள்ளவரிடம் வாக்குச்சாவடியில் குடியுரிமை பற்றிக் கேட்கக் கூடாது, அடையாளத்தை மட்டுமே சரிபார்க்கலாம் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். இது புதிய சலுகை அல்ல. பட்டியலில் பெயர் சேர்ந்துவிட்டால் குடியுரிமை முன்பே பார்க்கப்பட்டது என்றே கொள்ள வேண்டும், நீக்க வேண்டுமானால் முறையான விசாரணை வேண்டும் என்று லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. அந்தச் சுற்றறிக்கையை வாக்குச்சாவடி வாசலில் ஒட்டினால் என் அம்மா போன்றவர்களுக்குத் தைரியம் வரும். பெயரில் ஓரெழுத்து, இனிஷியல் வேறுபட்டால் அதைப் பொருட்படுத்தக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டுகிறேன். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான 1961-ம் ஆண்டு விதிகளிலேயே எழுத்துப் பிழை, அச்சுப் பிழைகளைப் புறக்கணிக்கச் சொல்லியிருக்கிறது.

அடையாள ஆவணங்களின் பட்டியலில் வாக்காளர் அட்டைக்கு மாற்றாக பாஸ்போர்ட், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் உண்டு. இவை எங்கள் லைனில் எத்தனை பேரிடம் இருக்கும்? ஆதாரும் நூறு நாள் வேலை அட்டையும் படம் ஒட்டிய பாஸ்புக்கும்தான் எங்களுக்குப் பயன்படுபவை. அவற்றோடு, குடும்பத் தலைவரின் படம் உள்ள ஸ்மார்ட் ரேஷன் கார்டை அந்தத் தலைவருக்கு மட்டுமாவது ஏற்க வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியம் படத்துடன் தரும் அட்டையையும் சேர்க்கலாம். எங்களைவிடக் கஷ்டம் பக்கத்து இருளர், குறும்பர் குடியிருப்புகளில். அவர்களில் பலர் கையில் ஒரு அட்டைகூட இல்லை. வார்டு பட்டியல் இறுதியாகும் முன் தோட்டங்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் போட்டு, விடுபட்டவர் பெயர்களை லைன் வாசலிலேயே ஒட்டி, பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ அங்கேயே நிரப்பி வாங்கினால்தான் சரியாகும். வார நாளில் கூப்பிட்டால் ஒரு நாள் பேர் (வருகைப் பதிவு) போகும், கூலி போகும்.

மண்டபம் குடும்ப அட்டை பற்றித் தனியாகக் கேட்கிறேன். சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான ஆவணப் பட்டியலில், 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் அரசு வழங்கிய எந்த அடையாள அட்டையும் சான்றிதழும் ஏற்கப்படும் என்று ஒரு வகை இருக்கிறது. தலைமன்னார் கப்பல் 1984-ல் நின்றுவிட்டது. ஆக, அந்தக் கப்பலில் வந்தவர்களுக்கு முகாமில் கொடுத்த அட்டை அத்தனையும் அந்தத் தேதிக்கு முந்தியவை, இந்திய மண்ணில் அரசு அலுவலர் கையெழுத்திட்டவை. இந்த அட்டையும் அந்த வகைக்குள் வரும் என்று நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கும் வாக்காளர் பதிவு அலுவலர்களுக்கும் தாங்கள் தலைமைத் தேர்தல் அதிகாரி வழியாகத் தெரிவிக்க வேண்டும். அட்டை தொலைந்தவர்களுக்கு, மறுவாழ்வுத் துறையிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் உள்ள பழைய பதிவேடுகளை அலுவலரே வரவழைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தாள்களை உருவாக்கியது அரசாங்கம்தான். எழுபது வயதுக் கிழவியை அலமாரி அலமாரியாகத் தேடச் சொல்வதைவிட, தன் அலமாரியைத் திறந்து பார்ப்பது அரசாங்கத்துக்கு எளிது.

அம்மாவின் பாஸ்போர்ட் கடைசியில் கிடைத்தது. தேர்தல் முடிந்து இரண்டு மாதம் கழித்து, பெட்டியின் அடித்தகட்டுக்கும் உள்ளே விரித்திருந்த தாளுக்கும் நடுவில் இருந்தது. முதல் பக்கத்தில் இருபது வயதுப் பெண்ணின் படம், பக்கத்தில் இந்திய அரசு முத்திரை. அதன் நகலை இம்மனுவுடன் இணைத்திருக்கிறேன். மண்டபம் குடும்ப அட்டையின் நகலும் உண்டு.

இக்கோரிக்கைகளைப் பரிசீலித்து, தேர்தல் அறிவிப்புக்கு முன்பே உரிய உத்தரவு பிறப்பித்து, எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதில் தமிழில் இருந்தால் எங்கள் லைனில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளியின் மகள்.

நகல்: மாவட்ட ஆட்சியர், நீலகிரி மாவட்டம்.