தயாரிப்பாளர் கொடுத்த ஸ்டொக் வேகத்திலேயே நிற்காத புரொசசரும் உங்கள் சேவைப் பிரிவும்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: உங்களிடம் வாங்கிய 32 கோர் (கணிப்புப் பகுதி) ஒர்க்ஸ்டேஷன் புரொசசரின் பழுதும், உத்தரவாதம் மறுக்கப்பட்டதும்

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் கேட்டால் சேவை நிலையத்துக்குப் போங்கள் என்கிறார்கள். சேவை நிலையத்துக்குப் போனால் வாங்கிய காட்சியறையில் கேளுங்கள் என்கிறார்கள். காட்சியறையில் கேட்டால் பழையபடி அதே போன் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தருகிறார்கள். மின்னஞ்சல் போட்டால் முறைப்பாடு பதிவாகிவிட்டது என்ற இரண்டு வரி வருகிறது, அதோடு சரி. இனியும் அலைய எனக்குத் தெம்பில்லை. ஆகவே எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன். இவ்வளவு பெரிய நிறுவனத்தில் புரொசசர் பற்றித் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார். தயவுசெய்து இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுங்கள்.

பொருளை வாங்கியது பம்பலப்பிட்டியில் உள்ள உங்கள் காட்சியறையில். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன், மொடல் இலக்கம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. 18 வீத வற் வரியும் சேர்த்து முழுக் காசையும் ஒரே தடவையில் கட்டித்தான் எடுத்தேன். விற்ற தம்பி நல்ல பிள்ளை, அவர்மேல் எனக்குக் குறையில்லை. "அண்ணா, இது அன்லொக் சிப். ஓவர்க்ளொக் செய்கிற ஆளென்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்" என்றவர் அவர்தான். ஓவர்க்ளொக் என்றால் தயாரிப்பாளர் வைத்ததைவிடச் சிப்பின் வேகத்தைக் கூட்டுவது, அன்லொக் என்றால் அதற்கு விட்டுக்கொடுக்கிற சிப். அதற்கென்றே விலைகூடிய மதர்போர்டையும், மூன்று விசிறி வைத்த 360 மில்லிமீற்றர் லிக்விட் கூலரையும் எடுக்க வைத்ததும் அவர்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவர்க்ளொக்கை ஒழுங்காகச் செய்கிற எவரும் எடுத்த எடுப்பில் வேகத்தைக் கூட்டுவதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பில், அதாவது ஸ்டொக்கில், சிப் நிலையாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அது நிற்காவிட்டால் மேற்கொண்டு செய்யும் எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பயோஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், டிஃபோல்ட்டை ஏற்றினேன். ரமுக்கு வேகம் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போடாமல், ஜெடெக் என்ற பொதுத்தர வேகத்திலேயே விட்டேன். புரொசசரைச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை எல்லாக் கோர்களிலும் ஒன்றாக ஓடவிட்டபோது ஒரு குறையும் இல்லை. அப்புறம் கோர்சைக்ளர் என்ற கருவி மூலம் ஒவ்வொரு கோராகத் தனித்தனியே ஓடவிட்டேன். திரையில் வந்த வரி இது: "ஃபேட்டல் எரர்: ரவுண்டிங் வாஸ் 0.5, எக்ஸ்பெக்டட் லெஸ் தேன் 0.4." அதாவது சிப் கணக்கைப் பிழையாகச் செய்திருக்கிறது. திரும்ப ஓடவிட்டாலும் அதே பதினோராம் கோர்தான். சில தடவை பிழைகூடக் காட்டாமல் மெஷின் அப்படியே ரீஸ்டார்ட் ஆகிவிடும். பிறகு விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் வீயா லொகர் 18 என்ற வன்பொருள் பிழைப் பதிவு இருக்கும். அதிலும் எப்போதும் ஏபிஐசி ஐடி 22தான், அதே கோருக்குரிய இலக்கம். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்களுக்கு எப்போதோ அனுப்பிவிட்டேன். ஒருவராவது திறந்து பார்த்தாரா?

இதைச் சொல்லத்தான் உங்கள் தமிழ்ச் சேவை இலக்கத்துக்கு எடுத்தேன். அன்று கதைத்தவரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிரைம்95 என்று சொன்னதுதான் தாமதம், "ஓவர்க்ளொக் செய்தால் வொரன்டி இல்லை சேர்" என்றார். இன்னும் ஓவர்க்ளொக் செய்யவே இல்லை, ஸ்டொக்கிலேயே பிழை வருகிறது என்றேன். "அப்ப ஏன் அந்த சொஃப்ட்வெயார் உங்களிட்ட இருக்கு?" என்று கேட்டார். பொலிஸ்காரர் கள்ளனிடம் கேட்பதைப் போன்ற கேள்வி. நான் பொறுமையாக விளக்கத் தொடங்கியதும், "அது சிபியுவைச் சூடாக்கிப் பழுதாக்கிற சாமான். இன்டர்நெட்டில பார்த்திட்டு வந்து எங்களுக்குப் படிப்பிக்க வேணாம். வேலை இல்லாத ஆக்கள்தான் உதெல்லாம் ஓடவிட்டுப் பாக்கிறது" என்றார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார்.

வேலை இல்லாத ஆட்களா? பிரைம்95ஐ எழுதியவர் ஜோர்ஜ் வோல்ட்மன். மெர்சென் எனப்படும் ஒருவகை மிகப்பெரிய முதன்மை எண்களைத் தேட 1996இல் தொடங்கிய திட்டத்துக்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. விடை முன்பே தெரிந்த கணக்கை புரொசசருக்குக் கொடுத்து, அது சரியாகச் செய்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் சோதனை. சரியான சிப்பில் அந்தப் பிழை வரக்கூடாது. இன்டெலின் ஸ்கைலேக் புரொசசர்கள் பிரைம்95 ஓடும்போது உறைந்து போவதைக் கண்டுபிடித்தவர்களும் ஆர்வலர்கள்தான். 2016 ஜனவரியில் இன்டெல் அதை ஏற்றுக்கொண்டு பயோஸ் மூலம் திருத்தம் கொடுத்தது. இன்டெல் காது கொடுத்துக் கேட்ட ஒரு சோதனையைப் பற்றி உங்கள் ஊழியர் இப்படிக் கதைப்பதா? 1998இல் இன்டெலின் 300 மெகாஹெர்ட்ஸ் புரொசசரான செலரான் 300ஏ வந்தபோது, அதன் வேகத்துக்கு அடிப்படையான பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி 450இல் ஓடவிட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவ்வளவு பழைய பொழுதுபோக்கு இது. நேற்று முளைத்த விளையாட்டு இல்லை.

சேவை நிலையத்தின் அறிக்கைக்கு வருகிறேன். படம் வரையவைத்து வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் என்ற மென்பொருளைத்தான் ஓடவிட்டிருக்கிறார்கள். அறிக்கை என்பதே பெரிய சொல், அரைத்தாளில் இரண்டு வரி. "சினிபெஞ்ச் 10 நிமிடம் ஓடியது. பிழை இல்லை. ஓவர்க்ளொக் காரணமாக வொரன்டி பொருந்தாது." பிழையே இல்லை என்றால் ஓவர்க்ளொக் எதற்குக் காரணம்? இந்த இரண்டு வசனத்தையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறீர்களே!

உங்களுக்குத் தெரியாததல்ல, என்றாலும் எழுதுகிறேன். 32 கோர்களுக்கும் ஒரே நேரத்தில் சுமை ஏறினால், மின்சக்தி எல்லைக்குள் நிற்பதற்காக எல்லாக் கோர்களும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு கோர்களுக்கு மட்டும் வேலை வரும்போதுதான் அவை உச்ச பூஸ்ட் வேகத்தைத் தொடும். என் பதினோராம் கோர் தடுமாறுவது அந்த உச்சத்தில்தான். எல்லாக் கோர்களிலும் சினிபெஞ்சை ஓடவிட்டால் அந்தக் கோர் அவ்வளவு வேகத்துக்குப் போவதே இல்லை. போதாததற்கு, படம் வரைந்து முடிந்தால் சினிபெஞ்ச் புள்ளியைக் கொடுத்துவிடும், பிரைம்95 மாதிரி விடையைச் சரிபார்க்காது. பழுது வராத இடத்தில் தேடிவிட்டுப் பழுதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. பயோஸில் உச்ச பூஸ்ட்டை 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்து வைத்தால் அதே சிப் விடியும்வரை ஒரு பிழையும் இல்லாமல் ஓடுகிறது. அதாவது பெட்டியில் அச்சிட்ட வேகத்தை அது தாங்கவில்லை. ஓவர்க்ளொக் செய்யலாம் என்று சொல்லி விற்ற சிப்பை நான் அண்டர்க்ளொக் செய்து பாவிக்க வேண்டுமா? எந்த ஊர் நியாயம் இது?

வேறு பாகம் பழுதாக இருக்கலாம் என்று உங்கள் கவுண்டரில் சொன்னார்கள். அதையும் பார்த்தாயிற்று. ரமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்றும் பிழையில்லாமல் முடிந்தது. பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தேன். மெஷின் யூபிஎஸ்ஸில்தான் ஓடுகிறது. தெஹிவளையில் இருக்கும் நண்பரிடம் இதே மொடல் சிப் இருக்கிறது. அவருடைய சிப்பை என் மதர்போர்டில் போட்டால் இரவு முழுக்க நிற்கிறது, என் சிப்பை அவருடைய போர்டில் போட்டால் அதே கோர், அதே பிழை. கொழும்பு வெக்கைதான் காரணம் என்று இன்னொருவர் சொன்னார். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் சிப்பின் வெப்பநிலை 75 பாகையைத் தாண்டவே இல்லை. அந்தப் பதிவுக் கோப்பும் உங்களிடம் இருக்கிறது.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் கதையை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. சிப் மட்டும் போதாது, முழு மெஷினும் வேண்டும் என்று கேட்டீர்கள். திகதி கொடுத்ததும் நீங்கள்தான். அன்று போயாவாச்சே, திறந்திருக்குமா என்று நான் கேட்டேன். திறந்திருக்கும், பொறியியலாளர் உங்களுக்காகவே வருவார் என்றார் உங்கள் பக்கத்தில் கதைத்த அம்மணி. கூலரும் கிராஃபிக்ஸ் கார்டும் பூட்டிய அந்தப் பெரிய டவரைத் தனியாளால் தூக்க முடியாது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியிலிருந்து என் சொந்தத் தம்பியும் நானும் படிப்படியாக இறக்கி, துவாய் சுற்றி, ஓட்டோவின் பின்சீற்றில் மடியில் தாங்கிக்கொண்டு நுகேகொடையில் உள்ள உங்கள் சேவை நிலையத்துக்குப் போனோம். ஷட்டர் பூட்டியிருந்தது. "அத நிவாடு மஹத்தயா, ஹெட்ட என்ன" (இன்று விடுமுறை ஐயா, நாளை வாருங்கள்) என்று சிங்களத்தில் சொன்னார் வாசலில் இருந்த காவலாளி. உங்கள் இலக்கத்துக்கு எடுத்தால் விடுமுறை அறிவிப்பு ஓடுகிறது. திரும்பி வரும்போது மழை. பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் என் சேர்ட்டைக் கழற்றிப் போட்டு மூடினேன். இதற்கு இன்றுவரை ஒரு மன்னிப்புக்கூட இல்லை. அடுத்த முறை கதைத்தபோது, நான் குறித்த நேரத்துக்கு வரவில்லை என்று உங்கள் பதிவில் இருப்பதாகச் சொன்னார்கள்!

நான் பகலில் வேலைக்குப் போய், இரவில் கட்டடக் கலைஞர்களுக்கு ரெண்டர் செய்து, அதாவது அவர்களின் வடிவமைப்பைக் கணினியில் படமாக்கிக் கொடுக்கிறவன். ஐந்து மணித்தியாலம் ஓடிய ரெண்டர் இடையில் ரீஸ்டார்ட் ஆனால் எல்லாம் முதலிலிருந்து. சொன்ன திகதிக்குக் கொடுக்க முடியாமல் போனதால் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் வேறு ஆளிடம் போய்விட்டார். பல வருடச் சேமிப்பு, தொழிலில் இருந்த பெயர், வீட்டு நிம்மதி எல்லாவற்றையும் இந்த ஒரு சிப் அழித்துவிட்டது. எவ்வளவு நட்டம் என்று கணக்குப் போட்டால் உங்கள் கடையில் பாதியை எழுதித் தந்தாலும் தீராது.

நான் சண்டைக்கு நிற்கிற ஆளில்லை. உங்களிடமே பல வருடமாகப் பொருள் வாங்கியிருக்கிறேன், நண்பர்களையும் கூட்டி வந்திருக்கிறேன். உங்கள் பெயரைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் இந்தக் கடிதத்துக்கும் அதே இரண்டு வரிதான் பதிலென்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்வேன். அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துவிட்டேன் என்று சும்மா மிரட்டவில்லை. எழுத்து மூலமான முறைப்பாடு, சோதனைப் பதிவுகள், உங்கள் அரைத்தாள் அறிக்கை எல்லாம் ஒரே கோப்பில் தயாராக இருக்கின்றன. தயாரிப்பாளருக்கும் ஒரு பிரதி போகும். அன்லொக் என்று சொல்லி விற்றுவிட்டு, சோதித்துப் பார்த்ததையே குற்றமாக்கும் முகவரை அவர்கள் வைத்திருப்பார்களா என்று பார்ப்போம்.

நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. அதே மொடலில் புதிய சிப் தாருங்கள், கையிருப்பில் இல்லையென்றால் கட்டிய காசைத் திருப்பித் தாருங்கள். மாற்றித் தரும் சிப்பை, பயோஸ் டிஃபோல்ட்டில், ஒவ்வொரு கோராக, ஓர் இரவு முழுக்க என் முன்னிலையில் ஓடவிட்டுக் காட்ட வேண்டும். வொரன்டி பொருந்தாது என்று எழுதிய தாளை எழுத்து மூலமாக வாபஸ் வாங்க வேண்டும். போனில் கதைத்தவர் என்னிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாகத் தொடக்கத்திலேயே சொல்கிறீர்களே, அந்தப் பதிவை நீங்களே ஒருக்கால் போட்டுக் கேளுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் வேண்டும். சிப் அதன் பெட்டியிலேயே பொதி செய்தபடி வீட்டில் இருக்கிறது. நான் இனி எதையும் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை, உங்கள் ஆளை அனுப்பி எடுப்பியுங்கள். வார நாட்களில் மாலை 6 மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். வருகிறவர் பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தில், சீரியல் இலக்கத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, சேவை நிலைய அறிக்கை, கோர்சைக்ளர் பதிவுகள், ஈவென்ட் வியூவர் ஸ்கிரீன்ஷொட்டுகள்