கொடைக்கானல் இல்லையா சார்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பின் இரண்டு நாள் சுற்றுலா திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் என்று முடிவானதும் பலரும் என்னிடம் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. கொடைக்கானலுக்கு நீங்களே கூட்டிப் போவீர்கள். நாங்கள் போவது, குடும்பத்தோடு போகிறவர்கள் வண்டியை நிறுத்தாமல் கடந்துவிடுகிற ஊர்களுக்கு.

முதலில் கூந்தன்குளம். பறவைகள் சரணாலயம்தான், ஆனால் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம், நாற்றம், விடிய விடியச் சத்தம் எல்லாவற்றையும் ஊரார் பொறுத்துக்கொள்கிறார்கள். குஞ்சுகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. (எச்சம் கரைந்த குளத்து நீர் வயலுக்கு நல்ல உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.) இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்தும் குளிர்காலத்தில் இங்கே இறங்கும். அதனால் நம் பேருந்தின் பாட்டு ஊர் எல்லையிலேயே நின்றுவிடும்.

மறுநாள் காலை ஆதிச்சநல்லூர். 1876-இல் முதல் அகழாய்வு நடந்த புதைகாடு. கண்ணாடித் தளத்துக்குக் கீழே, கிடைத்த இடத்திலேயே முதுமக்கள் தாழிகளைப் பார்க்கலாம். வெளியே கிடக்கும் பானைச் சில்லை யாரும் பையில் போடக் கூடாது. போன தடவை ஒருவன் போட்டான். அவன் அம்மா அதைக் கழுவித் துடைத்து, டிபன் டப்பாவில் வைத்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்புறம் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். போய் இறங்கினால் கடலைக் காணோம்! தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலில் கரை பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. "கப்பல் எங்கே?" என்று பிள்ளைகள் கேட்கட்டும் என்றுதான் முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

வெயில் தாழ்ந்ததும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு. மணலில் படிந்த இரும்பு ஆக்சைடால் மேடெல்லாம் செக்கச் சிவப்பு. நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். அந்த வறண்ட மணலிலும் அங்கே ஒரு சுனை இருக்கிறது.

தேரி மண் துணியில் ஒட்டினால் லேசில் போகாது. வெள்ளைச் சட்டை வேண்டாம். தொப்பி, தண்ணீர் பாட்டில், பின்வார் வைத்த செருப்பு, ஒரு சின்ன நோட்டு கட்டாயம். செல்போன் வேண்டாம். கைச்செலவுக்கு 100 ரூபாய் போதும். உடன்குடிக் கருப்பட்டியைப் பார்த்ததும் அது தீர்ந்துவிடும்.

ஒப்புதல் சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பேருந்து அதிகாலை 4 மணிக்குப் புறப்படும். எழுப்பிவிடுவது உங்கள் பாடு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்