‘ஐ வில் வேக் அப்’: ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுக்கப் போகும் தம்பிக்கு

அன்புத் தம்பி இளங்கோவுக்கு,

இங்கே சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் ஒரு தங்குவிடுதியில் நம்மூர் ஊழியர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னார். தொண்டூழியத்துக்கு நீயாகவே பெயர் கொடுத்தாயாம். சந்தோஷம். நீ தயாரித்த பாடத்தாள்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். படமெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் வருபவன் ஏழு மணிக்கு எழுகிறான், ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறான், அலுவலகம் போகிறான், சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறான். உன் முன்னால் உட்காரப் போகிறவர்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு நாள் கிடையாது. அந்தத் தாளை எடுத்து வைத்துவிடு.

முதல் வகுப்பில் தமிழிலேயே கேள்: “அண்ணே, காலையில் எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க? அப்புறம்?” அந்த ‘அப்புறம்’ ஒன்றே போதும், அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள். நாலரைக்கு எழுந்தால்தான் குளியலறையில் வரிசை குறைவு. கேட்டரிங் சாப்பாடு விடியும் முன்பே வந்துவிடும். காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். மதியம் அதைப் பிரிக்கும்போது சோறு எப்படி இருக்கும் என்று அதிலேயே ஒரு பேச்சு ஓடும், ஓடட்டும். பிறகு லாரி. சைட்டில், அதாவது கட்டுமான இடத்தில், டூல்பாக்ஸ் மீட்டிங் என்கிற வேலைக்கு முந்தைய பாதுகாப்புப் பேச்சு. உயரத்திலிருந்து விழாமல் காக்கும் ஹார்னஸ் வார் மாட்டுவது. வேலை. ஓ.டி. என்கிற மிகைநேரம் இருந்தால் இன்னும் வேலை. திரும்பி வந்து துணி துவைப்பது, வீட்டுக்கு வீடியோ கால். இதையெல்லாம் பலகையில் எழுது. வேக் அப், க்யூ, டேக், வேர், செக், ஃபினிஷ், வாஷ், கால். ஒரு மாத வகுப்புக்கு வேண்டிய வினைச்சொற்கள் இதிலேயே இருக்கின்றன. ‘ஐ பிரஷ் மை டீத்’ தப்பான வாக்கியம் இல்லை. ஆனால் சைட்டிலோ கிளினிக்கிலோ அவரிடம் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உன் பாடத்திட்டத்தில் அது இல்லை. உலகம் முழுவதற்குமாக எழுதிய பாடப்புத்தகத்தில் இருக்கவும் வாய்ப்பில்லை.

தினமும் செய்கிற ஒன்றைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் எதிர்கால வினையைத்தான் எடுக்கிறோம். ‘காலையில் அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன், டீ குடிப்பேன், லாரி ஏறுவேன்.’ இதைக் கேட்டு யாரும் நாளைக்கு நடக்கப்போகிற சமாச்சாரம் என்று நினைப்பதில்லை. பள்ளியில் ‘வேன் என்று முடிந்தால் வில்’ என்று படித்தவர் அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார்: ‘டெய்லி ஐ வில் வேக் அப் அட் ஃபைவ்.’ உனக்குத் தமிழ் தெரியும் என்பதால் அது காதில் உறுத்தாமல் போய்விடும். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

உறுத்த வேண்டிய இடம் சைட்டில் இருக்கிறது. சூப்பர்வைசர் சீனராக இருப்பார், மியன்மார்க்காரராக இருப்பார், அவருக்கும் ஆங்கிலம் கடன் வாங்கியதுதான். ‘ஹார்னஸ் யூ செக் எவ்ரி மார்னிங்?’ என்று கேட்கிறார். நம் ஆள் பணிவாக, ‘யெஸ் சார், ஐ வில் செக்’ என்கிறார். இவர் சொன்னது ‘தினமும் பார்ப்பேன் சார்’. அவர் காதில் விழுந்தது ‘இன்னும் பார்க்கவில்லை, இனிமேல்தான் பார்ப்பேன்’. உயரத்தில் ஏறப்போகிற இருவருக்கு இடையில் இந்தக் குழப்பம் வேண்டாம்.

இதற்கு இலக்கணம் நடத்தாதே. காலத்தின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தால் பள்ளி ஞாபகம் வந்து முகம் வாடிவிடும். பலகையின் நடுவில் ஒரு கோடு போடு. இந்தப் பக்கம் ‘எவ்ரி டே’, அந்தப் பக்கம் ‘டுமாரோ’. வில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் சொந்தம். ‘எவ்ரி மார்னிங் ஐ செக் மை ஹார்னஸ்.’ ‘டுமாரோ ஐ வில் செக் தி லேடர்.’ ஆளுக்கு இரண்டு வாக்கியம், கோட்டின் இரண்டு பக்கத்துக்கும். பேச்சில் மறுபடி ‘டெய்லி ஐ வில்’ வந்தால் வாயைத் திறக்காமல் கோட்டைக் கை காட்டு, அவரே திருத்திக்கொள்வார். நடுவில் யாராவது ‘செக் ஆல்ரெடி’ என்று சொன்னால் திருத்தாமல் விட்டுவிடு. அது இந்த ஊர் ஆங்கிலம், சைட்டில் அதைவிடத் தெளிவான பதில் கிடையாது. ‘ஐ ஆம் ஒர்க்கிங் டெய்லி’யையும் முதல் மாதத்தில் கண்டுகொள்ளாதே. அதனால் யாருக்கும் ஆபத்தில்லை.

அடுத்தது நெவர். சம்டைம்ஸ், ஆல்வேஸ் இரண்டும் சுலபமாக ஏறிவிடும். நெவரில் இரண்டு சிக்கல். தமிழில் ‘நான் சிகரெட் பிடிக்கவே மாட்டேன்’ என்று வினையிலேயே இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் ‘ஐ நெவர் டோன்ட் ஸ்மோக்’ என்று இரட்டையாக வரும். இது சிரித்துத் திருத்தக்கூடியது. இன்னொன்று நம் சிங்கப்பூர்ப் பேச்சிலிருந்து வருகிறது. இங்கே ‘ஐ நெவர் ஈட்’ என்றால் ‘நான் சாப்பிடவில்லை’ என்பதுதான் பாதி நேரம் அர்த்தம், நீயும் நானும் அப்படித்தான் பேசுகிறோம். டாக்டர் முன்னால் உட்கார்ந்து ‘ஐ நெவர் டேக் மெடிசின்’ என்றால் என்ன புரியும்? இன்று காலை மாத்திரை போடவில்லையா, பிரஷர் மாத்திரையையே தொடுவதில்லையா? ‘டுடே ஐ டிட் நாட் டேக்’ என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடு.

டாக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. பழக்கவழக்கம் பற்றி உன் மாணவர்களிடம் ஆங்கிலத்தில் அதிகம் கேட்கப் போகிறவர் அவர்தான். டூ யூ ஸ்மோக்? டூ யூ டிரிங்க்? ஹவ் ஆஃபன்? ஹவ் மெனி ஹவர்ஸ் டூ யூ ஸ்லீப்? ஒரு மாத்திரை உறையைக் கொண்டுபோய், ‘த்ரீ டைம்ஸ் எ டே, ஆஃப்டர் ஃபுட்’ என்பதை வாசிக்க வை. அதே அச்சில் ‘ஒன்ஸ் எ மந்த்’தும் வந்துவிடும். ஊருக்குப் பணம் அனுப்புவது, முடி வெட்டுவது, லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுக்குப் போவது என்று உதாரணம் அவர்களே கொடுப்பார்கள்.

அப்புறம் ஹி, ஷி வந்தால் வினையின் கடைசியில் ஒட்டும் அந்தப் புகழ்பெற்ற ‘ஸ்’. ஹி கோஸ், ஷி குக்ஸ். நீ இதில் கறாராக இருப்பாய் என்று தெரியும், உன் தாளில் மூன்று பயிற்சி இதற்கே. கொஞ்சம் தளர்த்து. ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர் மூன்று குழந்தைகளின் பேச்சைப் பல காலம் பதிவு செய்து 1973இல் வெளியிட்டார். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த அந்தப் பிள்ளைகளுக்கே ‘கோயிங்’, ‘ஈட்டிங்’ என்பதில் வரும் ‘இங்’ முதலில் வந்துவிட்டது. இந்த ‘ஸ்’ வந்து சேர்ந்தது வெகுநாள் கழித்துத்தான். போதாததற்கு இந்த ஊர்க் காப்பிக்கடையில் ‘ஹி எவ்ரி டே கோ தேர் லா’ என்றுதான் காதில் விழும். நாள் முழுக்க அதைக் கேட்கிறவரிடம் ஞாயிறு இரண்டு மணி நேரத்தில் நீ என்ன செய்துவிட முடியும்?

இருந்தாலும் சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல வழி உண்டு. இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு ஒன்பது என்றால் புதுக்கோட்டையில் ஆறரை. பலகையில் இரண்டு கடிகாரம் வரைந்துவிட்டு, ‘நைன் ஓ கிளாக் ஹியர். யுவர் வைஃப்?’ என்று கேள். ‘ஷி குக்ஸ்.’ ‘மை சன் கோஸ் டு டியூஷன்.’ ‘மை ஃபாதர் வாட்சஸ் டிவி.’ தன்னைப் பற்றிப் பேச இரண்டு வாக்கியத்துக்குத் தடுமாறுகிறவர், மகன் என்றதும் ஆறு வாக்கியம் சொல்வார். அதில் நாலில் ‘ஸ்’ விழுந்திருக்காது. பரவாயில்லை. கல்யாணமாகாத தம்பிகளிடம் அம்மாவைக் கேள். வீட்டைப் பற்றிப் பேச விருப்பமில்லாதவர் ஒருவராவது இருப்பார்; அவரிடம் ரூம்மேட் எத்தனை மணிக்குக் குறட்டை விடுகிறார் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடு.

நேரம் சொல்வதை மட்டும் சமரசம் இல்லாமல் செய். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் ஒன்றுபோல விழுந்தால் ஆறே காலுக்குப் புறப்படும் லாரி போய்விடும். அதைவிடப் பெரிய காரணம் சம்பளம். வேலை நியமனச் சட்டப்படி மிகைநேரம் மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, அதற்கான சம்பளம் குறைந்தது ஒன்றரை மடங்கு. கணக்கில் தகராறு வந்து மனிதவள அமைச்சு அதிகாரி முன்னால் நிற்க நேர்ந்தால், உரைபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்காமல் ‘ஐ ஸ்டார்ட் அட் எய்ட். ஐ ஃபினிஷ் அட் நைன். சிக்ஸ் டேஸ் எ வீக்’ என்று அவரே சொல்லட்டும். ‘அட்’டும் ‘ஃப்ரம்’மும் இடம் மாறினாலும் எண் மாறக்கூடாது. இதற்கென்று சட்ட வகுப்பு எடுக்காதே, உன் வேலை அதுவல்ல. எட்டு, ஒன்பது, ஆறு என்ற எண்களைத் தெளிவாகச் சொல்ல வைத்தால் போதும்.

பின்வரிசையில் யாராவது தூங்கினால் எழுப்பாதே. ஓய்வுநாளை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறார்.

கடைசிப் பதினைந்து நிமிடம் நீ கேட்பதை நிறுத்திவிட்டு, அவர்களை உன்னிடம் கேட்க விடு. பதில் சொல்லிப் பழகிய அளவுக்கு அவர்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பழகியிருக்க மாட்டார்கள். ‘வாட் டைம் டூ யூ வேக் அப்?’ என்று யாராவது ஆரம்பிப்பார். பல்கலைக்கழக விடுமுறை, பதினொரு மணிக்குத்தான் எழுகிறாய் என்று உன் அம்மா சொன்னார். உண்மையைச் சொல்லிவிடு. அதற்கு மேல் வரும் கேள்விகளுக்கு நீ பாடத்தாள் எதுவும் தயாரிக்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
உன் பெரியப்பா